முதல் பாடியா, மார்க் டூவா?

ஐயர் கெட்டிமேளம் சொல்லிக் கையைத் தூக்கியதும் மணமேடையில் நடப்பதை எந்தக் கேமரா கம்பெனியும் தன் சோதனைக்கூடத்தில் நடத்திப் பார்த்திருக்காது. தவிலும் நாகஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகின்றன. நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. முன்வரிசைப் பெரியம்மா எழுந்து நின்று செல்போனை நீட்டுகிறார். ஓமப்புகை பெண்ணின் முகத்தை மறைக்கிறது, வீடியோக்காரரின் எல்.இ.டி. விளக்கு அந்தப் புகையை வெள்ளைத் திரையாக்கிவிடுகிறது. மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட, மீதி இரண்டை நாத்தனார் போடுகிறார். எல்லாம் முடிய அரை நிமிடம்கூட ஆவதில்லை. ஆல்பம் எத்தனை பக்கம் இருந்தாலும் வீட்டார் முதலில் புரட்டித் தேடுவது அந்த அரை நிமிடத்தைத்தான்.

பரங்கிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு இதற்கு நேர்மாறான இன்னொரு தேர்வும் உண்டு. நிக்காஹ். அங்கே மேளம் இல்லை. குத்பா ஓதும்போது சபை அமைதியாக இருக்கும். ஷட்டர் சத்தம் கேட்டால் நாலு தலை திரும்பும். பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் கைபிடித்துச் சம்மதம் சொல்வதும், பதிவேட்டில் கையெழுத்து விழுவதும் ஒரே ஒருமுறை. பஞ்சாங்கத்து முகூர்த்த நாட்களும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறையில் வருகிறவர்களின் நாட்களும் சேர்ந்ததுதான் இந்த ஊர்க் கேமராக்காரரின் காலண்டர். வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம், நடுவில் புவனகிரி, கிள்ளை என்று ஒரே வாரத்தில் எல்லாத் திசையிலும் ஓட வேண்டியிருக்கும்.

இவர் முன்னால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி வந்து நிற்கிறது. கையில் இருக்கும் பாடிக்கு மார்க் டூ வந்துவிட்டது. மாற்றலாமா? முதன்முறையாக ஃபுல் ஃப்ரேமுக்கு வருகிற இளைஞருக்கு அதே கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது. மார்க் டூ வந்ததால் முதல் பாடியின் விலை இறங்கியிருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?

கடைக்காரரிடம் கேட்டால் புதியதை வாங்கச் சொல்வார். அது அவர் தொழில். யூடியூபில் கேட்டால் இரண்டு பாடிகளையும் மேஜையில் அருகருகே வைத்து, கடைசியில் 'உங்கள் தேவையைப் பொறுத்தது' என்பார்கள். அந்தத் தேவை எது என்று பரங்கிப்பேட்டையில் நின்றுகொண்டு பார்த்தால் பதில் அவ்வளவு வழவழவென்று இருக்காது.

ஒரே சென்சார், இரண்டு பாடி

எடுத்துக்கொள்ளச் சுத்தமான உதாரணம் நிக்கான் இசட் 6. 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பான இசட் 6 டூ 2020 அக்டோபரில் வந்தது. இரண்டிலும் 24.5 மெகாபிக்சல் சென்சார்தான். ஒரே லென்ஸைப் போட்டு, ஒரே ஐ.எஸ்.ஓ.வில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டி எது எந்தப் பாடி என்று கேட்டால் தேர்ந்த கண்ணுக்கும் சொல்லத் தெரியாது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு?

ஃபிலிம் காலத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நிக்கான் எஃப்.எம். 1977இல் வந்தது, எஃப்.எம். 2 1982இல். இரண்டிலும் போடப்போவது ஒரே கோனிகா ரோல்தான். படத்தின் நிறமும் தரமும் ரோலிலும் லென்ஸிலும் லேபிலும் இருந்தன. பாடி என்பது வெளிச்சம் புகாத பெட்டி. ஆனாலும் எஃப்.எம். 2க்கு ஆசைப்பட்டவர்கள் ஏமாளிகள் அல்ல. முதல் பாடியின் ஷட்டர் 1/1000 நொடியோடு நின்றது. இரண்டாவது 1/4000 வரை போனது. ஃபிளாஷோடு ஒத்துப்போகும் வேகம் 1/125இலிருந்து 1/200 ஆனது. 1984இல் வந்த திருத்தப் பதிப்பில் 1/250. உச்சி வெயிலில் பந்தலுக்கு வெளியே மாப்பிள்ளை அழைப்பை ஃபிளாஷ் போட்டு எடுக்கிறவருக்கு அந்த வித்தியாசம் சோறு. ஸ்டுடியோவுக்குள் திரை கட்டி பாஸ்போர்ட் படம் எடுக்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை.

டிஜிட்டல் வந்தபோது இந்தக் கணக்கு கெட்டுப்போனது. பாடிக்குள்ளேயே ரோலும் வந்து உட்கார்ந்துகொண்டது. புதுப் பாடி என்றால் புது ரோல். முதல் பத்துப் பதினைந்து வருடம் ஒவ்வொரு புது சென்சாரும் பழையதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு நன்றாகவே இருந்தது. 'மார்க் டூ என்றால் படம் நன்றாக வரும்' என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் ஊறியது. இப்போது அந்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. இசட் 6 விஷயத்தில் நாம் கிட்டத்தட்ட எஃப்.எம். காலத்துக்கே திரும்பியிருக்கிறோம். நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இசட் 6 டூ கூடுதலாகத் தருவதைக் கெட்டிமேளத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பாடி நொடிக்கு 12 படம் எடுக்கும். ரா கோப்பாக எடுத்தால் சுமார் 35 படத்தில் பஃபர் நிறைந்துவிடும். அதாவது மூன்று நொடி. மாப்பிள்ளை முதல் முடிச்சு போடும்போது பட்டனை அமுக்கிப் பிடித்தால், நாத்தனார் குனிந்து மூன்றாவது முடிச்சுக்கு வருவதற்குள் கேமரா திணறத் தொடங்கும். இரண்டாம் பதிப்பின் பஃபர் மூன்றரை மடங்கு என்கிறது நிக்கான். ஒன்றுக்குப் பதில் இரண்டு செயலிகள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. குறைந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்கும் எல்லை −3.5 இ.வி.யிலிருந்து −4.5க்கு இறங்கியிருக்கிறது, ஒரு ஸ்டாப் கூடுதல் இருட்டு. விடியலுக்கு முன் காசியாத்திரை எடுக்கிறவருக்குத் தெரியும் அந்த ஒரு ஸ்டாப்பின் அருமை.

பட்டனை விட்டு விட்டு அமுக்கினால் பஃபர் பிரச்சினை இல்லை என்று பழைய கை சொல்லும். நியாயம்தான். ஒரே அமுக்கில் நாற்பது படம் எடுத்து இரவெல்லாம் பொறுக்கிக்கொண்டிருப்பதைவிட, கண்ணால் பார்த்து நாலு முறை அமுக்குகிறவரே நல்ல போட்டோகிராஃபர் என்பது என் கட்சியும்கூட. ஆகவே பஃபரையும் வேகத்தையும் ஓரமாக வையுங்கள். மேம்பட்ட பாடிக்குப் பணம் கொடுக்க எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெரிய காரணம் இருக்கிறது. அது பக்கவாட்டு மூடிக்குள் இருக்கிறது.

இரண்டாவது ஓட்டை

2018இல் நிக்கான் இசட் 6, இசட் 7 பாடிகளும் கேனான் இ.ஓ.எஸ். ஆர் பாடியும் வந்தபோது உலகம் முழுக்கக் கல்யாணக் கேமராக்காரர்கள் எழுப்பிய கூச்சல் மெகாபிக்சலுக்காக அல்ல. இரண்டு கம்பெனியும் கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட் வைத்திருந்தன. கார்டு பழுதானால் கல்யாணமே போச்சு. அடுத்த சுற்றில் இரண்டு கம்பெனிகளும் வாயைத் திறக்காமல் பணிந்தன: 2020இல் வந்த கேனான் ஆர் 6இல் இரண்டு எஸ்.டி. ஸ்லாட், இசட் 6 டூவில் ஒரு சி.எஃப். எக்ஸ்பிரஸ் ஸ்லாட், ஒரு எஸ்.டி. ஸ்லாட்.

இதில் பரங்கிப்பேட்டைக்கென்றே ஒரு கிளைக்கதை இருக்கிறது. முதல் இசட் 6இல் போட வேண்டியது எக்ஸ்.க்யூ.டி. கார்டு, பின்னால் வந்த ஃபர்ம்வேரால் சி.எஃப். எக்ஸ்பிரஸும் ஏற்கும். இரண்டுமே விலை கூடியவை, இரண்டுக்கும் தனி ரீடர் வேண்டும். ஊரில் எந்த செல்போன் கடையிலும் எஸ்.டி. கார்டு கேட்டால் எடுத்துத் தருவார்கள்; மைக்ரோ எஸ்.டி.யை அடாப்டரில் செருகியாவது ஒப்பேற்றலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எக்ஸ்.க்யூ.டி. கார்டு எர்ரர் காட்டினால்? சிதம்பரம், கடலூரில் அலைந்தாலும் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஆன்லைனில் போட்டால் வருவதற்குள் மறுவீடு முடிந்திருக்கும். சென்னைக்காரர் எழுதும் விமர்சனத்தில் இந்த வரி இருக்காது. அவருக்கு ஓடிப்போய் வாங்க இடம் இருக்கிறது.

இரண்டு ஸ்லாட் இருந்தாலும் அதைச் சரியாக அமைக்காதவர்கள் ஏராளம். முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதுக்குப் போகிற மாதிரி 'ஓவர்ஃப்ளோ'வில் விட்டிருப்பார்கள். அதனால் இடம் கூடும், பாதுகாப்பு கூடாது. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் விழும்படி 'பேக்கப்'பில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வேகம் மெதுவான கார்டுக்கு ஏற்பக் குறையும் என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். அப்படித் தவிர்க்கிறவர் முதல் பாடியையே வாங்கியிருக்கலாம்; காசு மிச்சமாகியிருக்கும்.

சுருங்கச் சொன்னால், இரண்டாம் பதிப்பு நமக்கு விற்பது அழகான படத்தை அல்ல, தொலைந்துபோகாத படத்தை. அது காப்பீடு. வண்டிக்குப் பிரீமியம் கட்டுகிற மனநிலையோடு அந்த விலையைப் பார்த்தால் முடிவு எளிதாகிறது. திரும்ப எடுக்க முடியாத வேலை செய்கிறவர் கட்டியே ஆக வேண்டும். தனியாளாக நிக்காஹுக்கும் முகூர்த்தத்துக்கும் போகிறவரிடம் நான் தயங்காமல் சொல்வேன்: ஒரே ஸ்லாட் உள்ள பாடி வேண்டாம், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும்.

நிக்காஹைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றுகிறோம். மலிவான எல்.இ.டி. விளக்குகள் எரியும் இடத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அந்தத் துடிப்பு படத்தில் பதிகிறது. சென்சார் ஒன்றே என்பதால் இசட் 6க்கும் இசட் 6 டூவுக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை பெரும்பாலும் மறையும். இதற்காக லட்சம் கொடுத்துப் பாடி மாற்றிவிட்டு அதே பட்டையோடு வீடு திரும்ப வேண்டாம்.

சென்சாரே மாறும்போது

எல்லா ஜோடியும் இசட் 6 மாதிரி இல்லை. சோனி ஏ7 த்ரீ 2018இல் வந்தபோது இந்திய விலை 1,64,990 ரூபாய். 24 மெகாபிக்சல், இரண்டு ஸ்லாட், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களை நிக்கான், கேனானிடமிருந்து சோனி பக்கம் திருப்பியதில் இந்தப் பாடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ7 ஃபோர் 2,42,490 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்தது. சென்சார் 33 மெகாபிக்சல் ஆனது. வீடியோ 8 பிட்டிலிருந்து 10 பிட் ஆனது. திரை முழுதாகப் பக்கவாட்டில் திரும்புகிறது.

இடையில் 77,500 ரூபாய். கேண்டிட் படத்துக்கு ஒரு 85 எம்.எம். லென்ஸும் கூடவே ஒரு ஃபிளாஷும் வாங்கும் பணம். ஸ்டில் மட்டும் எடுக்கிறவர் அந்தப் பணத்தை லென்ஸில் போடட்டும் என்பேன். 24 மெகாபிக்சல் படம் நம்மூர் ஆல்பத்துக்குத் தாராளம். 33 ஆனால் ஹார்டு டிஸ்க்தான் சீக்கிரம் நிறையும். நொடிக்கு 10 படம் என்று இரண்டு பெட்டியிலும் போட்டிருக்கும். ஆனால் ஏ7 ஃபோர் அந்த வேகத்தைத் தருவது தரம் சற்றுக் குறைக்கப்பட்ட ரா கோப்பில்தான். முழுத் தரத்தில் நொடிக்கு ஆறு அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரியிலும் பின்னடைவு: இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஆனால் சோனியின் கணக்கில் ஏ7 த்ரீக்கு ஒரு சார்ஜில் 710 படம், ஏ7 ஃபோருக்கு 580. மேம்பட்ட பதிப்பு எல்லாவற்றிலும் மேம்பட்டிருக்கும் என்று யார் சொன்னது?

வீடியோ எடுக்கிறவருக்கு நான் இதையே திருப்பிச் சொல்ல மாட்டேன். சாமியார்பேட்டைக் கடற்கரையில் சாயங்காலம் அவுட்டோர் ஷூட். வானத்தில் ஆரஞ்சும் ஊதாவும் குழைகின்றன. 8 பிட் வீடியோவில் கலர் கிரேடிங் செய்யும்போது அந்த வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். 10 பிட் அதைத் தாங்கும். கல்யாண வீடியோவை டீசரும் ரீல்ஸும் என்று சினிமா மாதிரி கேட்கும் காலத்தில் இதற்குக் கூலி கிடைக்கிறது. கூலி கிடைக்கிற வசதிக்குப் பணம் போடுவதில் தவறில்லை.

வீடியோ என்றதும் கேனான் 5டி ஞாபகம் வருகிறது. 2005இல் வந்த முதல் 5டி 12.8 மெகாபிக்சல், வீடியோ கிடையாது. 2008இல் வந்த மார்க் டூ 21 மெகாபிக்சலோடு முழு எச்.டி. வீடியோவும் கொண்டுவந்தது. பத்திரிகைப் படக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி என்ற அளவில் சேர்க்கப்பட்டது, சினிமாவையே அசைத்துவிட்டது. அமெரிக்காவில் 2010இல் 'ஹவுஸ்' தொடரின் பருவ இறுதிப் பகுதியை அதில் எடுத்தார்கள். அந்த அலை தமிழுக்கும் வந்தது. 2012இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் ஸ்டில் கேமராவைக் கொண்டே ஒளிப்பதிவு செய்தார். ஒரு மார்க் டூ ஒரு தொழிலின் கதவையே திறந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. அதே மார்க் டூ கல்யாணக்காரரின் பழைய புகாரைத் தொடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஃபோகஸ் அமைப்பு கிட்டத்தட்ட முதல் 5டியின் அதே ஒன்பது புள்ளி. அது தீர மார்க் த்ரீ வரவேண்டியிருந்தது, 2012இல், 61 புள்ளிகளோடு. சினிமாக்காரருக்குப் புரட்சியான பாடி, மணமேடைக்காரருக்கு அதே பழைய தலைவலி.

இன்னொரு வகை இரண்டாம் பதிப்பும் உண்டு: குற்றத்தை மறைக்க வருவது. நிக்கான் டி600 2012 செப்டம்பரில் வந்தது. கொஞ்சநாளில் சென்சாரில் எண்ணெய்ப் பொட்டும் தூசியும் படிகிறது என்று புகார் குவிந்தது. 2013 அக்டோபரில் டி610 வந்தது. புது ஷட்டர், நொடிக்கு 5.5க்குப் பதில் 6 படம், மற்றபடி அதே பாடி. சீனத் தொலைக்காட்சி விஷயத்தை எடுத்த பிறகு 2014 மார்ச்சில் அங்கே டி600 விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். உத்தரவாதம் முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிக்கான் அறிவித்தது. இந்த மாதிரி ஜோடியில் யோசிக்கவே தேவையில்லை, இரண்டாவதுதான். ஆனால் இது தெரிந்திருக்க வேண்டும். 'டி600 சூப்பர் கண்டிஷன், விலை மலிவு' என்று செகண்ட்ஸில் இன்னும் கண்ணில் படுகிறது.

ஆய்வகத்திலும் அலையாத்தியிலும்

பரங்கிப்பேட்டையில் கேமரா பிடிப்பவர்கள் கல்யாணக்காரர்கள் மட்டுமல்ல. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நண்டு, மீன், சிப்பி, கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிரிகள் என்று மாதிரிகளைப் படமெடுத்து ஆவணப்படுத்துவது அங்கே படிக்கிறவர்களின் அன்றாட வேலை. மாதிரி ஓடப்போவதில்லை, ஸ்டாண்டில் கேமரா, மேக்ரோ லென்ஸ், கட்டுப்படுத்திய வெளிச்சம், குறைந்த ஐ.எஸ்.ஓ. இங்கே முதல் இசட் 6 போதும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துச் சேர்க்கும் வசதி முதல் பதிப்பிலேயே உண்டு. மிச்சப் பணத்தில் நல்ல மேக்ரோ லென்ஸ் வரும்.

ஒரே ஒரு விலக்கு. சேற்றுத்திட்டில் தண்ணீர் வடியும்போது நண்டுகள் வளையிலிருந்து வந்து போவதை மணிக்கணக்கில் இடைவெளி விட்டு எடுக்க நினைத்தால், இசட் 6 டூவை யு.எஸ்.பி. வழியாகப் பவர் பேங்கில் ஓட்டிக்கொண்டே எடுக்கலாம். முதல் பதிப்பு, அணைத்து வைத்தால்தான் யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும்.

பிச்சாவரத்துக்கு வருகிற பறவைப் பிரியர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1975இல் 'இதயக்கனி'க்காக சினிமாக் கேமரா போன அதே கால்வாய்களில் இன்று ஒவ்வொரு படகிலும் ஒரு டெலி லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறது. மீன்கொத்தியும் செம்பருந்தும் பாடியைப் பார்த்துக் கிட்டே வருவதில்லை. பணம் இருந்தால் நீளமான லென்ஸ். இல்லாவிட்டால் துடுப்புப் படகுக்காரரிடம் நட்பு. பறவையின் கண்ணைத் தானே பிடித்துத் தொடரும் ஃபோகஸ் வேண்டும் என்றால் மட்டும் பாடி பேச்சுக்கு வருகிறது. அப்போதும் கேனான் ஆர் 6 மாதிரி முதல் பதிப்பிலேயே பறவை, விலங்கு அடையாளம் காண்கிற பாடி இருக்கிறது. 2022இல் வந்த மார்க் டூ 24 மெகாபிக்சல் என்றாலும், 20 மெகாபிக்சல் முதல் ஆர் 6 இதற்குக் கை கொடுக்கும்.

பழைய பாடி இன்று அதே பழைய பாடி அல்ல என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இசட் 6 கடைக்கு வந்த அன்று அதில் கண்ணைத் தேடும் ஃபோகஸ் கிடையாது; 2019 மே மாதம் ஃபர்ம்வேர் வழியாக இலவசமாக வந்தது. 2020 பிப்ரவரியில் நாய், பூனைகளின் முகத்தைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டது. ஏ7 த்ரீக்கும் 2019 ஏப்ரலில் இதேபோல் ஒரு பெரிய புதுப்பிப்பு. ஆகவே 2018இல் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு முதல் பாடியை ஒதுக்குவது, ஒருவர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைப் பார்த்து இன்று வேலை கொடுக்க மறுப்பதைப் போன்றது.

உப்புக்காற்றுக் கணக்கு

முதல் பாடி என்றாலே பெரும்பாலும் செகண்ட்ஸ். அங்கே நம் கடற்கரை தன் வரியை வசூலிக்கிறது. முடசலோடை, அன்னங்கோயில் பக்கம் படகுத்துறையில் புழங்கிய கேமராவையும் உள்ளூரில் வீட்டுக்குள் இருந்த கேமராவையும் ஒரே விலைக்கு வாங்கக் கூடாது. திருகாணித் தலைகளைப் பாருங்கள். ஃபிளாஷ் செருகும் இடத்தில், பேட்டரி அறையின் பித்தளை முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது. லென்ஸோடு வந்தால் டார்ச் அடித்துப் பூஞ்சை தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது இலவசமாக வளரும். எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்தால் சென்சார் அழுக்கு தெரியும். மேடைகளில் இப்போது லேசர் விளக்கு சுழற்றுகிறார்கள். அந்தக் கதிர் நேராகப் பட்டால் சென்சாரில் கோடோ புள்ளியோ நிரந்தரமாக எரிந்துபோகும். முழு இருட்டிலும் முழு வெளிச்சத்திலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணத்தை நீட்ட வேண்டாம். ஷட்டர் கவுண்ட் நிக்கானில் படக் கோப்பிலேயே எழுதியிருக்கும். ஏ7 த்ரீ, இசட் 6 இரண்டுக்கும் கம்பெனி சொன்ன ஷட்டர் ஆயுள் 2 லட்சம். மும்முரமாக ஓடும் கல்யாணக் கேமரா அந்த எண்ணைச் சில வருடங்களில் எட்டிவிடும். இசட் 6 என்றால் இன்னொன்று: 2019இல் சில எண்களுக்கு, ஆட்டம் தடுக்கும் அமைப்பில் கோளாறு என்று நிக்கானே இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. சீரியல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த ஊருக்கு வெளிநாட்டுப் பாடிகளும் வரும். சிங்கப்பூர் மாமா, துபாய் மச்சான் கொண்டுவருவார்கள். விலை குறைவாகத்தான் இருக்கும். பாடிக்கான உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே என்பதையும், விமான நிலையத்தில் சுங்கம் கேட்டால் அந்த லாபம் கரையும் என்பதையும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் பில்லோடு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் விலைக்குள் இருக்கிறது. 2018 வரை 28 ஆக இருந்தது, 2019 ஜனவரி 1 முதல் குறைந்தது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டுடியோ அந்த வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவே செய்யாத சின்ன ஸ்டுடியோவுக்கு அது முழுச் செலவு. மார்க் டூவின் விலை இருவருக்கும் ஒன்றல்ல.

பாடியை மட்டும் பார்த்துவிட்டு லென்ஸை மறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பழைய நிக்கான்காரர்களிடம் 50 எம்.எம். 1.8 டி, 80–200 டி லென்ஸ்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் மோட்டார் கிடையாது. டி750 போன்ற பாடிதான் அவற்றைத் திருப்பி ஃபோகஸ் செய்யும். எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டு இசட் 6இல் மாட்டினாலும் சரி, இசட் 6 டூவில் மாட்டினாலும் சரி, கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். அவர் முன்னால் இருப்பது 'முதலா, இரண்டாவதா' என்ற கேள்வியே அல்ல. லென்ஸ் பெட்டி முழுவதையும் மாற்றப் பணம் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் டி750 இன்னும் இரண்டு தை மாதம் ஓடட்டும். அதில் இரண்டு எஸ்.டி. ஸ்லாட் இருக்கிறது.

ஏற்கெனவே முதல் பாடி வைத்திருப்பவர் மார்க் டூ வாங்கும்போது செய்யக்கூடாதது எக்ஸ்சேஞ்ச். கடையில் கழித்துக்கொள்ளும் தொகை மனதை நோகடிக்கும் அளவுக்குத்தான் இருக்கும். இசட் 6க்கும் இசட் 6 டூவுக்கும் பேட்டரி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் பொது. ஏ7 த்ரீக்கும் ஃபோருக்கும் அப்படியே. பழையது இரண்டாவது பாடியாக உதவியாளர் தோளில் இருக்கட்டும். சர்வீஸ் என்று கொடுத்தால் சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பாடி திரும்பி வரும்வரை முகூர்த்தம் காத்திருக்காது. மார்க் டூவே ரிப்பேருக்குப் போகும் வாரத்தில் முதல் பாடிதான் கடையைத் திறந்து வைக்கும்.

நேரம் பார்த்தும் வாங்கலாம். மூன்றாம் பதிப்பு வந்ததும் இரண்டாம் பதிப்பின் விலை இறங்கும். இசட் 6 த்ரீ 2024 ஜூனில் வந்ததிலிருந்து இசட் 6 டூ அந்த இடத்தில்தான் நிற்கிறது. முதல் பாடிக்கும் அதற்கும் இடைவெளி சுருங்கியிருந்தால், தொழில் செய்கிறவர் முதல் பாடியைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தவணை மட்டும் நிற்பதில்லை. விற்க நினைப்பவர் பேரத்துக்கு இறங்கி வருவது அப்போதுதான். ஆடியில் வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு. மெனு எங்கே இருக்கிறது, பேக்கப் ஸ்லாட் வேலை செய்கிறதா, ஃபோகஸ் யார் முகத்துக்குத் தாவுகிறது என்று பழக ஆவணி வரை அவகாசம் கிடைக்கும். அதற்குள் குலதெய்வம் கோயிலில் ஏதாவது காதுகுத்து வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். மாமன் மடியில் திமிறி, தலையை நாலு பக்கமும் ஆட்டி அழும் குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் நின்றுவிட்டால் கெட்டிமேளத்துக்கு அந்தப் பாடியை நம்பிக் கொண்டுபோகலாம்.